கை நடுங்கினால் பட்டறையைப் பூட்டத்தான் வேண்டுமா?

அரசு அலுவலகத்தில் 35 ஆண்டுகள் எழுத்தராக இருந்த நான், அந்தக் காலம் முழுவதும் கூராக்கியது பென்சிலை மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய சின்ன லேத் வாங்கி, நெய்வேலி டவுன்ஷிப்பை ஒட்டிய இந்திரா நகரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் பலாமரத்தடியில் தகரக் கொட்டகை போட்டு வைத்தபோது, "பென்ஷன் பணத்துல இரும்பு வாங்கறாரு பாரு" என்று வீட்டம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்னும் நிற்கவில்லை.

லேத் ஓட்ட எனக்குக் கற்றுத் தந்தவர் இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஓர் அண்ணன். என்னைவிட மூன்று வயது மூத்தவர். வாழ்நாள் முழுவதும் பட்டறையில் மெஷினிஸ்ட். லேத்தில் பொருத்தும் டூலைச் சாணைக்கல்லில் கையாலேயே பிடித்து, அரை நிமிடத்தில் முனை எடுத்துவிடுவார். அளந்து பார்த்தால் கோணம் ஒரு டிகிரி பிசகாது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். கண்ணளவு பிசகாதவரை 'கண்ணில் காம்பஸ் வைத்திருப்பவர்' என்று பிரெஞ்சில் சொல்வார்கள். அண்ணனைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சொல்தான் நினைவுக்கு வரும்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குக் கை நடுக்கம் வந்தது. தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடிக்கிறார். ஒருநாள் என் கொட்டகையில் டூலைக் கல்லில் வைத்தார். முனை ஒரே சமமாக வராமல் மூன்று நான்கு பட்டைகளாக வந்தது. டூலை மேசையில் வைத்துவிட்டு, "இனிமே இதெல்லாம் நமக்கு வேணாம் சார்" என்று சொல்லிப் போனவர், அப்புறம் கொட்டகைப் பக்கமே வரவில்லை.

அதனால்தான் நானே ஒரு சாணை மேடை செய்யத் தொடங்கினேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கை தளர்ந்த தொழிலாளிக்கு ஒரு தாங்கியும் அளவுச் சட்டமும் இருந்தால் போதும், அவர் தொழிலை விட வேண்டியதில்லை. அப்படி ஒன்று வைத்துக்கொள்வது வெட்கமும் இல்லை. படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்வதற்கு யாராவது வெட்கப்படுகிறோமா?

செய்த விதம் இதுதான். பரணில் கிடந்த பழைய மாவு கிரைண்டரின் மோட்டார், நிமிடத்துக்கு 1440 சுற்று. அதில் 150 மி.மீ. விட்டமுள்ள வெள்ளைச் சாணைக்கல். கடையில் விற்கும் சாணை மெஷின் ஏறக்குறைய 2800 சுற்று ஓடும். அதில் கல்லின் விளிம்பு நொடிக்கு 22 மீட்டர் போகும். என்னுடையதில் 11 மீட்டர்தான். மெதுவாகத் தேயும், ஆனால் டூல் அவ்வளவு சூடாகாது. வயதானவர்களுக்கு இந்த வேகமே போதும்.

கல்லுக்கு முன்னால் டூலைத் தாங்க 6 மி.மீ. இரும்புத் தகட்டில் ஒரு மேசை. டூலின் முனைக்கு அடியில் சுமார் 8 டிகிரி சரிவு வேண்டும். இல்லாவிட்டால் அது இரும்பை வெட்டாமல் தேய்த்துக்கொண்டிருக்கும். மேசை மட்டமாக இருந்து, டூலின் மேல் விளிம்பு கல்லின் மையத்துக்குக் கொஞ்சம் மேலே தொட்டால், கல்லின் வளைவே அந்தச் சரிவைத் தந்துவிடும். எவ்வளவு மேலே? பள்ளியில் படித்த திரிகோணமிதி 60 வருடம் கழித்து உதவியது. ஆரம் 75 மி.மீ., அதை 8 டிகிரியின் சைனால் பெருக்கினால் 10.4 மி.மீ. அந்த உயரத்தில் மேசையை வெல்டிங் வைக்கலாம் என்று பெருமையோடு தாளை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

தாளைப் பார்த்தார். "கணக்கு சரிதான் சார். கல்லு தேஞ்சா?" என்றார்.

எனக்குப் பேச்சு வரவில்லை. கல் தேய்ந்து 120 மி.மீ. ஆனால், அதே உயரம் 10 டிகிரி சரிவைக் கொடுக்கும். முனை மெலிந்து சீக்கிரம் மழுங்கிவிடும். தாளில் எழுதிய கல் தேயாது. நிஜக் கல் தேயும். திரிகோணமிதி படித்த எனக்குத் தோன்றாதது, எட்டாவதோடு பள்ளியை விட்டவருக்கு ஒரு நொடியில் தோன்றியது.

வெல்டிங்கை விட்டேன். மேசையின் காலில் நீளத் துளை போட்டு, போல்ட்டைத் தளர்த்தினால் ஏறி இறங்கும்படி செய்தேன். எழுத்தர் புத்தி போகுமா? ஒரு தகரத்தில் பெயின்ட்டால் அட்டவணை எழுதி அடியில் திருகினேன்: கல் 150 என்றால் 10.4; 140 என்றால் 9.7, 130 என்றால் 9, 120 என்றால் 8.4. மேசையில் ஒரு பள்ளம் வெட்டி, அதில் முன்னும் பின்னும் வழுக்கும் ஒரு சட்டம் வைத்தேன். டூலை அதில் திருகி இறுக்கிவிட்டால் கை எவ்வளவு நடுங்கினாலும் டூல் நடுங்காது. பக்கக் கோணத்துக்கு ஒரு பாகைமானி. பாகைமானிக்குப் பிரெஞ்சில் 'ராப்போர்த்தர்' என்று பெயர். கோள் சொல்பவனுக்கும் அதே சொல்தான். பள்ளியில் இதைச் சொல்லிச் சிரிப்போம். நம் கை பிசகினால் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் பொருத்தமான பெயர்தான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. மேசையை வீட்டில் செய்யுங்கள், கல்லோடு விளையாடாதீர்கள். நான் வாங்கிவந்த முதல் கல்லை அண்ணன் விரலில் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டினார். நல்ல கல் மணிபோல ஒலிக்க வேண்டும். இது 'பொத்'தென்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல். அதை ஓடவிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் ஓடியாடும் இடம் அது. கல்லின் மேல் இரும்பு மூடி, கண்ணுக்குக் கண்ணாடி, கல்லுக்கும் மேசைக்கும் 3 மி.மீ.க்கு மேல் போகாத இடைவெளி, கல்லின் இரு பக்கமும் அட்டை வைத்த பிளேஞ்சு. இவற்றில் ஒன்று குறைந்தாலும் சுவிட்சைப் போடாதீர்கள்.

என் மருமகன் கேட்டார்: "எதுக்கு மாமா இந்தப் பாடு? இப்பல்லாம் கார்பைடு முனைதான். மழுங்கினா திருப்பிப் போடலாம், எல்லாப் பக்கமும் போச்சுன்னா தூக்கிப் போடலாம்." தொழிற்சாலைக்கு அது சரி, அங்கே நேரம்தான் பணம். ஆனால் கார்பைடு முனை நல்ல வேகமும் அசையாத மெஷினும் கேட்கும். என் லேத் போன்ற பலவீனமான சின்ன மெஷினில், நன்றாகச் சாணை பிடித்த எச்.எஸ்.எஸ். டூல்தான் குறைந்த அழுத்தத்தில் வெட்டும். ஒரு துண்டு வாங்கினால் தேய்த்துத் தேய்த்து வருடக்கணக்கில் ஓடும்.

கூர் மழுங்குவது இந்த ஊருக்குப் புதிதா என்ன? 1957-இல் இங்கே சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது, நிலக்கரிக்கு மேலே கிடந்த கடலூர் மணற்பாறை, ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத சக்கர எந்திரங்களின் பற்களையே தின்றது. அதற்காக யாரும் எந்திரத்தை ஓரங்கட்டிவிடவில்லை. பாறையை வெடி வைத்துத் தளர்த்தினார்கள். தேய்ந்த பல்லைக் கழற்றி வேறு பல் போட்டார்கள். 1961-இல் நிலக்கரியைத் தொட்டார்கள். பல் தேய்ந்த எந்திரத்துக்கு இவ்வளவு செய்த ஊரில், கை தளர்ந்த மனிதரை மட்டும் "போதும், உட்காருங்க" என்று திண்ணைக்கு அனுப்பிவிடுகிறோம். பிள்ளைகள் அன்பால்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த அன்பு ஆளைச் சீக்கிரம் கிழவராக்கிவிடுகிறது.

மேடை முடிந்ததும் அண்ணனைக் கூப்பிட்டேன். "எனக்குப் போய் சட்டமா?" என்றார். கொஞ்சம் கோபம்தான். "உங்களுக்கு இல்ல அண்ணே, எனக்கு. எப்படிப் பிடிக்கிறதுன்னு காட்டுங்க" என்றேன். டூலை இறுக்கினார், சட்டத்தைத் தள்ளினார். முனை ஒரே பட்டையாக வந்தது. லேத்தில் போட்டு ஓட்டியதும் இரும்பு பொடியாக உதிராமல் நீளச் சுருளாகக் கழன்று விழுந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை. மேசையை அரை மி.மீ. இறக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

இப்போது வாரம் மூன்று நாள் வருகிறார். எதிர்வீட்டு ஐ.டி.ஐ. பையனும் வருகிறான். அவனுக்கு முதல் பத்து டூலைச் சட்டத்தில் வைத்துத் தேய்க்கச் சொல்கிறார். பதினொன்றாவதை வெறும் கையால்.

உங்கள் தெருவிலும் இப்படிக் கதவைச் சாத்திக்கொண்ட ஒரு ஃபிட்டரோ, டர்னரோ, தச்சரோ இருப்பார். போய் ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள்.