சுண்ணாம்புத் தண்ணீரும் பேலம் குகையும்



போன வாரம், என்னோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற மூன்று டீச்சர்களோடு ஆந்திராவில் உள்ள பேலம் குகைக்குப் போய் வந்தேன். தாடிபத்ரி வரை ரயில், பிறகு சுமார் 30 கிலோமீட்டர் கார். "இந்த முட்டியை வச்சுக்கிட்டு குகைக்குள்ள இறங்கணுமாம்மா?" என்று மகள் கேட்டாள். இறங்கினேன்.

வெளியே வெறும் சமவெளி. தரையில் கிணறு மாதிரி ஒரு பள்ளம், அதில் படிக்கட்டு. உள்ளே ஒரே புழுக்கம். மொத்த நீளம் 3,229 மீட்டர். நம்மை நடக்க விடுவது ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர். ஒரு காலத்தில் தண்ணீர் ஓடிய பாதை அது. வளைந்து வளைந்து போகும் சுவர்களைத் தடவிப் பார்க்க வேண்டியதே இல்லை, பார்த்தாலே வழவழப்பு தெரிகிறது. கடைசியில், மேலிருந்து 46 மீட்டர் ஆழத்தில், பாதாளகங்கை. சின்ன ஓடைதான். பாறைக்குள் புகுந்து மறைந்துவிடுகிறது.

1884இல் இந்தக் குகையைப் பற்றி எழுதி வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். 1863இல் பல்லாவரத்தில் ஆதிமனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்தாரே, அவரேதான். பல்லாவரத்தில் வீடு வாங்கியவர்கள் கவனிக்க!

ஆறாம் வகுப்பில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஸ்ட்ரா வைத்து ஊதச் சொல்வேனே, ஞாபகம் இருக்கிறதா? பால் மாதிரி ஆகும். ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடியும் தெளிந்துவிடும். "அது ஏன் டீச்சர்?" என்று கேட்டவர்களை மணி அடித்துவிட்டது என்று உட்கார வைத்திருக்கிறேன். பதில் இந்தக் குகைதான். கரியமில வாயு கலந்த மழைத்தண்ணீர் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்து வழி உண்டாக்குகிறது. பிறகு கூரையிலிருந்து சொட்டும்போது அந்த வாயு வெளியேற, கரைந்த சுண்ணாம்பு திரும்பப் படிகிறது. அதுதான் கல்விழுது. வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர்கூட வளராது. விரல் நீளம் வருவதற்குப் பல நூறு வருடம்.

உள்ளே சப்தஸ்வரக் குகை என்று ஓர் இடம். அங்கே கல்விழுதைத் தட்டினால் இசை வரும். எல்லாரும் தட்டுகிறார்கள். நானும் தட்டினேன், நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தட்டவே விடக்கூடாது என்பது என் கருத்து. "கல்லுதானே, நாம ஒரு தட்டு தட்டினா என்னாயிடும்?" என்றாள் தோழி. வருகிறவர்கள் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு தட்டு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் சுண்ணாம்பு சரியாகப் படிவதுகூட இல்லை. ஒருமுறை அந்த ஓசையைப் பதிவு செய்து ஸ்பீக்கரில் போட்டால் போதாதா?

எனக்கு இவ்வளவு உறுத்துவதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் ஒரு மாணவன், குடும்பத்தோடு சுற்றுலா போன இடத்தில் உடைத்த கல்விழுது ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக் கொண்டு வந்தான். அறிவியல் கண்காட்சியில் அதற்கு முதல் பரிசு கொடுத்தேன். அட்டையில் பெயர் எழுதி ஒட்டியதும் நான்தான். எங்கே, எப்படிக் கிடைத்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வருடம் இன்னும் இரண்டு பிள்ளைகள் கொண்டு வந்தார்கள். அதையும் பாராட்டி வாங்கி வைத்தேன்.

அவன் பெயரை இங்கே போடவில்லை. படித்தால் அவனுக்கே தெரியும். கண்ணா, தப்பு உன்மேல் இல்லை, பரிசு கொடுத்த என்மேல்தான். உன் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பேலம் போய் வா. தண்ணீர் பாட்டிலும் மாற்றுச் சட்டையும் எடுத்துக்கொள், வேர்த்து ஊற்றும்.

போட்டோக்களை நாளைக்குப் போடுகிறேன். இன்றைக்கு முட்டிக்குத் தைலம் தேய்க்கிற வேலை இருக்கிறது.