சாட்சி சொல்ல ஒருவர் மிஞ்சினார்



நவம்பர் பிறந்துவிட்டது, போரில் மாண்டவர்களை நினைக்கும் பொப்பிப் பூ சட்டைகளில் ஏறிவிட்டது. இந்த மாதம் இந்தப் பக்கத்தை ஒரு பொம்பரில் பறந்து இறந்தவருக்காக எழுதுகிறேன். பொம்பர் என்றதும் உங்களில் பலருக்கு முதலில் ஊரில் ஓடி ஒளிந்த பங்கர்தான் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான். இரண்டாம் உலகப் போரில் ஹம்பர்க்கிலும் டிரெஸ்டனிலும் குண்டுக்குக் கீழே கிடந்து மாண்டவர்களையும் நெஞ்சில் வைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

அன்ட்ரூ மினார்ஸ்கி 1916இல் வின்னிபெக்கில் பிறந்தவர். போலந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளை. பதினாறு வயதில் தகப்பனை இழந்து, தோல் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கினார். 1941இல் கனடிய விமானப்படையில் சேர்ந்தார். லங்காஸ்டர் விமானத்தின் முதுகில் இருந்த துப்பாக்கிக் கூண்டு அவருடையது. வால் கூண்டில் இருந்தவர் அவருடைய நண்பர் பற் பிறோபி.

நேச நாட்டுப் படைகள் நோர்மண்டியில் இறங்கிக் கிட்டத்தட்ட ஒரு கிழமை ஆகியிருந்தது. 1944 ஜூன் 12 இரவு புறப்பட்ட அந்த விமானத்துக்கு இலக்கு, பிரான்சில் கம்பிறே நகரத்து ரயில் தளம். வழியில் ஜெர்மன் இரவுப் போர் விமானம் ஒன்று சுட்டதில் இடது பக்கத்து இரண்டு எஞ்சின்களும் போயின; தீ பிடித்தது. குதிக்கச் சொல்லி விமானி உத்தரவிட்டார். மினார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார். குதித்திருக்கலாம். அப்போதுதான் பிறோபி வாலில் சிக்கியிருப்பதைக் கண்டார். கூண்டு திரும்பவில்லை, கையால் சுழற்றும் பிடியும் உடைந்துபோயிருந்தது.

மினார்ஸ்கி நெருப்புக்குள்ளே தவழ்ந்து போனார். கோடரியால் கொத்தினார், கையால் பிய்த்தார். கூண்டு அசையவில்லை. உடுப்பில் தீ பற்றிவிட்டது. போய்விடு என்று பிறோபி கையசைத்தார். திரும்பிப் பார்த்தபடியே பின்னால் தவழ்ந்து கதவடிக்குப் போன மினார்ஸ்கி, எரியும் உடுப்போடு நிமிர்ந்து நின்று நண்பருக்குச் சல்யூட் அடித்தார். ஏதோ சொன்னார். பேச்சுக் கேட்கவில்லை, ஆனால் இருவரும் இரவில் பிரியும்போது வழக்கமாகச் சொல்லிக்கொள்ளும் வார்த்தைதான் அது என்று பிறோபிக்கு விளங்கியது.

பாரசூட்டும் எரிந்தபடியே மினார்ஸ்கி தரையில் விழுந்தார். பிரெஞ்சுக் கிராமத்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். தீக்காயத்தால் இறந்துபோனார். மெயறிகூர் கிராமத்து மயானத்தில் அவரை அடக்கம் செய்தார்கள். அந்த விமானத்தில் பறந்த ஏழு பேரில் இறந்தவர் அவர் ஒருவர்தான். ஆம், பிறோபி பிழைத்தார். குண்டுகளோடு விமானம் தரையில் மோதியபோது வால் கூண்டு பிய்ந்து அவரைத் தூக்கி எறிந்துவிட்டது. பிரெஞ்சு எதிர்ப்பியக்கத்தார் அவரை மறைத்து வைத்துக் காப்பாற்றினார்கள்.

அவர் திரும்பி வந்து சொல்லியிராவிட்டால் இதில் ஒரு சொல்கூட நமக்குத் தெரிந்திராது. அவருடைய சாட்சியை வைத்தே 1946இல் மினார்ஸ்கிக்கு விக்டோரியா கிராஸ் கிடைத்தது. கைகூடாத ஒரு முயற்சிக்கு, முயற்சி என்பதற்காகவே கொடுத்த அந்த விருதை நான் மிகவும் மதிக்கிறேன்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் பறந்தவர்கள் சுமார் 1,25,000 பேர். அவர்களில் 55,573 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் சுமார் 10,000 பேர் கனடியர்கள். அவர்களில் எத்தனையோ பேரின் கடைசி நிமிடத்தைப் பார்த்துச் சொல்ல ஒருவரும் மிஞ்சவில்லை.

ஹமில்டன் விமானநிலையத்து அருங்காட்சியகத்தில் மினார்ஸ்கியின் நினைவாக ஒரு லங்காஸ்டரை இன்னும் பறக்கும் நிலையில் வைத்திருக்கிறார்கள். ரொறன்ரோப் பக்கம் இருப்பவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்களோடு பங்கருக்குள் இருந்தவர்கள், உங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள், திரும்பி வராதவர்கள் பற்றி அங்கேயே அவர்களுக்குச் சொல்லுங்கள். எங்களுக்கும் எழுதி அனுப்புங்கள். எழுதச் சிரமப்படும் அம்மம்மா, தாத்தாமார் தொலைபேசியில் சொன்னாலும் போதும், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்