பொம்மைக்குக் காசா என்று கேட்பவர்களுக்கு!

ரமளான் வந்தால் மருத்துவக் கல்லூரி மாணவருக்குக் கட்டண உதவி கேட்டு நம்மவர்கள் வசூலுக்குக் கிளம்புகிறார்கள். வணிகப் பெருமக்களும் முகம் சுளிக்காமல் அள்ளித் தருகிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு பரக்கத் செய்வானாக! ஆனால் மாணவர்கள் பழகுவதற்குப் பயிற்சி பொம்மை வாங்க வேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். "பொம்மைக்கா காசு, ஹஜ்ரத்?" என்பார்கள். சிலர் உருவம் கூடுமா என்று ஃபத்வா தேடவும் கிளம்பி விடுவார்கள். (அன்னை ஆயிஷா (ரலி) பொம்மைகள் வைத்து விளையாடியதை நபி (ஸல்) அவர்கள் தடுக்கவில்லை. புகாரியில் பார்த்துக் கொள்ளட்டும்.)

சகோதரர்களே! ஊசி குத்தப் பழகும் கை முதலில் எங்கே பழக வேண்டும்? தர்ம ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஏழையின் உடம்பிலா? 2019இல் வந்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் கல்லூரிதோறும் திறன் பயிற்சிக்கூடம் வேண்டும் என்கிறது. கூடம் இருந்தால் மட்டும் போதுமா?

வியாபாரிக்குக் கணக்கைச் சொன்னால்தான் புரியும். அமெரிக்காவின் சிகாகோவில் நார்த்வெஸ்டர்ன் மருத்துவக் கல்லூரியினர், கழுத்து, மார்புப் பகுதிகளின் பெரிய இரத்தக் குழாயில் டியூப் செருகும் வேலையை இளம் டாக்டர்களுக்குப் பொம்மையில் கற்றுக் கொடுத்தார்கள். நிர்ணயித்த மதிப்பெண் எடுக்கும் வரை விடவில்லை. டியூப் இருக்கும் ஆயிரம் நாட்களுக்கு 3.2 ஆக இருந்த இரத்தக் கிருமித் தொற்று 0.5 ஆகக் குறைந்தது. 2009இல் இதை வெளியிட்டார்கள். மறு ஆண்டு செலவுக் கணக்கையும் போட்டார்கள். பயிற்சிக்கு ஆண்டுக்குச் சுமார் 1,12,000 டாலர். மிச்சமானதோ 7 இலட்சம் டாலருக்கு மேல். ஒன்று போட்டால் ஏழு! வட்டியில்லாமல் எந்தக் கடைவீதியில் கிடைக்கும் இந்த இலாபம்?

கவனியுங்கள். மாணவருக்குப் பிடித்ததா என்பதோடு அவர்கள் நிற்கவில்லை. நோயாளிக்கு என்ன ஆனது என்று எண்ணினார்கள். நாமோ ரிப்பன் வெட்டும் போட்டோவோடு திருப்தி அடைந்து விடுகிறோம்! பணம் கொடுப்பவர் கேட்க வேண்டும்: பொம்மை கண்ணாடி அலமாரியில் பூட்டிக் கிடக்கிறதா? மாதம் எத்தனை மணி நேரம் பயன்படுகிறது? தேறாதவரை மறுபடி பழக வைத்தார்களா? வார்டில் என்ன மாறியது?

ஜகாத்தைத் தொட வேண்டாம். அது எட்டுப் பிரிவினருக்கு உரியது. அதில் சர்ச்சையை வளர்க்க நான் விரும்பவில்லை. ஸதகா ஜாரியா இருக்கிறது, வக்ஃபு இருக்கிறது. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் கட்டிய மருத்துவமனையின் வக்ஃபில் நோயாளியின் மருந்துக்கு மட்டுமல்ல, மருத்துவம் கற்பிக்கவும் பங்கு இருந்தது. நம் வக்ஃபு கடைகளின் வாடகையில் அப்படி ஒரு பங்கை ஒதுக்க முடியுமா என்று அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் முத்தவல்லியிடம் கேளுங்கள்.