ஜெனரேட்டர் அறையைத் திறந்து பாருங்கள்

வடகிழக்குப் பருவமழை நெருங்கும் நிலையில், டீசல் ஜெனரேட்டரை இயக்கும் பொறுப்பைப் பயிற்சியில்லாத காவலாளியிடம் குடியிருப்புகளும் திருமண மண்டபங்களும் ஒப்படைத்திருப்பதை இனியும் அனுமதிக்கக் கூடாது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஜெனரேட்டரே நீரில் மூழ்கியது. அதன் பிறகும் பல கட்டடங்களில் அடித்தளம்தான் ஜெனரேட்டருக்கு ஒதுக்கப்படும் இடம். மூடிய அறையில் தேங்கும் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறிகுறி உணரும் முன்பே ஆளைச் சாய்த்துவிடும். வெளி மின் இணைப்பைத் துண்டித்து ஜெனரேட்டருக்கு மாற்றும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைத்தால் மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து, மின்தடை என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியரைத் தாக்கும். இதைக் கவனக்குறைவு என்று கடந்துபோக முடியாது, இது குற்றம். கையால் இயக்கும் எந்திரத்தைச் சுமையின்றி ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் ஓடவிட்ட பிறகே சுமையேற்ற வேண்டும். நிறுத்துமுன் சுமையை நீக்கிச் சற்று ஆறவிட வேண்டும். ஓடும்போது டீசல் ஊற்றக் கூடாது. இதற்கெல்லாம் காசு செலவில்லை. மாதந்தோறும் சுமையோடு ஓட்டிப் பார்க்காவிட்டால், தேவைப்படும் இரவில் பேட்டரி இறங்கிக் கிடக்கும். மின் ஆய்வுத் துறை மழைக்கு முன்பே நேரில் சோதித்து, பாதுகாப்பற்ற இணைப்புகளைத் தயங்காமல் துண்டிக்க வேண்டும்.