கொடை வேறு, கடன் வேறு

மேல்விஷாரத்தில் நவாப் சி. அப்துல் ஹக்கீம் சாகிபின் பெயரைச் சிறு பிள்ளையும் சொல்லும். 1863ல் பிறந்தவர். தோல் வியாபாரத்தில் இறங்கி, சென்னை பெரியமேட்டில் பெரும் செல்வராக உயர்ந்தார். சென்னை ஷெரீப் பதவியும் நவாப் பட்டமும் அவரைத் தேடி வந்தன. சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே வழிப்போக்கர் தங்குவதற்குச் சித்தீக் சராயைக் கட்டிக் கொடுத்தார். 1938ல் காலமானார். 1965ல் மேல்விஷாரத்தில் எழுந்த கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இத்தகைய பெரியவர்களின் பெயரைச் சொல்லித்தான் இன்றைய தோல் முதலாளிகள் மேடையில் முழங்குகிறார்கள். "இந்த வட்டாரம் வள்ளல்களால் வாழ்கிறது. பள்ளி தந்தோம், ஆஸ்பத்திரி தந்தோம், வேலை தந்தோம். இன்னும் என்ன கேட்கிறீர்கள்?" என்கிறார்கள்.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது, தோழர்களே!

இறந்தவர் மீது சேறு வாரி இறைப்பது நம் வேலையல்ல. சராயில் ஓர் இரவு தலை சாய்த்த ஏழையின் நன்றியையும், கல்லூரி வாசலை மிதித்த தொழிலாளி மகனின் நன்றியையும் நாம் ஏளனம் செய்யமாட்டோம். ஆனால், கொடுத்த கை எப்படி நிரம்பிற்று என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறப் போட்டது யார்? மயிர் கழித்து, சவ்வு சீவி, ஆவாரம்பட்டைச் சாற்றிலும் கடுக்காய்ச் சாற்றிலும் பதப்படுத்தியது யார்? சேரியிலிருந்து வந்தவனும், ஏழை முஸ்லிமும் ஒரே குழியில் இறங்கினார்கள். இருவர் காலையும் ஒரே சுண்ணாம்புதான் அரித்தது. அவர்கள் பதமாக்கிய தோல் லண்டன் சந்தைக்குக் கப்பலேறிற்று. 1914ல் யுத்தம் மூண்டதும் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்சுக்கு நம் தோல் தேவைப்பட்டது. 1916ல் அந்த ஏற்றுமதியைச் சர்க்காரே தன் கைக்குள் கொண்டுவந்தது. தோல் மண்டிகளில் குவிந்த செல்வத்தின் அடியில் கிடந்தது இந்த உழைப்புதான். அதில் கூலியாகத் திரும்பாத பங்கு லாபமாயிற்று. லாபத்தில் ஒரு துளி கொடையாயிற்று.

மதவெறியர் இதைக் கேட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டாம்! இது ஒரு மதத்தின் கதையல்ல. கோயில் திருப்பணியும் கல்லூரியும் செய்த கோயமுத்தூர் பஞ்சாலை முதலாளியின் கணக்கும் இதே கணக்குத்தான். தறி ஓட்டிய கைகளுக்கு அது நன்றாகத் தெரியும்.

கொடை என்பது கொடுப்பவர் மனம் வைத்த நாளில், மனம் வைத்த அளவில் வருவது. அதற்குக் கல்வெட்டும் உண்டு. கூலி அப்படியா? குடிதண்ணீர் அப்படியா? இவை யாருடைய தயவும் அல்ல. இவை கடன்!

அந்தக் கடனின் கதையைப் பாருங்கள். ஆவாரம்பட்டைக்குப் பின் குரோம் உப்பு வந்தது. அந்தக் கழிவை 1938ல் கண் மூடியவர் தலையில் நாம் கட்டவில்லை. பின்னால் வந்தவர்கள் பாலாற்றில் விட்டார்கள். கிணறு கெட்டது, நிலம் செத்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுவதுமோ பாழானதாக 1996 ஆகஸ்டு 28ந் தேதித் தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட்டே எடுத்துரைத்தது. கெடுத்தவனே ஈடு கட்ட வேண்டும் என்றது. 2001ல் கணக்குப் பார்த்தார்கள்: 547 தோல் ஷாப்புகள், 29,193 பேருக்கு, 26 கோடியே 82 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சராசரி 9,200 ரூபாய்கூட இல்லை! இந்த அற்பத் தொகைக்கும் வழக்கு ஓய்ந்ததா? 2025 ஜனவரி 30ந் தேதி சுப்ரீம் கோர்ட் மறுபடியும், பாக்கி நஷ்டஈட்டை ஆறு வாரத்தில் அரசு கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடம் வசூலிக்கட்டும் என்று உத்தரவிட வேண்டியிருந்தது. இருபத்து நான்கு வருஷம்! நிலத்தை இழந்த விவசாயக் கூலி எத்தனை பேர் இதற்குள் மண்ணுக்குள் போனார்களோ!

2015 ஜனவரி 31ந் தேதி ராணிப்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்தது. தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். எந்த வள்ளலின் கல்வெட்டு அவர்களை உயிர்ப்பிக்கும்?

ஆம்பூர்ச் சந்துகளில் வீட்டுத் திண்ணையில் குனிந்து, சீமைக்குப் போகும் செருப்பின் மேல்பாகத்தை ஜோடிக் கணக்கில் தைக்கும் பெண்ணைக் கேளுங்கள். அவளுக்கு முதலாளி யார் என்றே காட்ட மாட்டார்கள், ஏஜெண்டுதான் வருவான். வைப்பு நிதி இல்லை, விடுமுறை இல்லை. அவள் பிள்ளைக்கு வருஷத்துக்கு ஒருமுறை இலவச நோட்டுப் புத்தகம் கொடுத்துப் படம் பிடிக்கிறார்கள். அவள் கூலியை ஒழுங்காகக் கொடுத்தால் நோட்டை அவளே வாங்கிக்கொள்ள மாட்டாளா?

ஆகவே நாம் சொல்கிறோம்: பள்ளி கட்டினால் நல்லது, கட்டட்டும். ஆனால் ரசீதை அதில் எழுதாதே! நஷ்டஈட்டைப் பைசா பாக்கியின்றிக் கொடு. தொட்டியில் இறங்குபவனுக்குப் பாதுகாப்புக் கொடு. திண்ணையில் தைப்பவளையும் தொழிலாளி என்று ஏட்டில் எழுது.

தோல் ஷாப்புத் தோழனே, பாலாற்றங்கரை விவசாயக் கூலியே! உன் தண்ணீரைக் கெடுத்தவனும் உன் அண்டை வீட்டான் கூலியைக் குறைத்தவனும் வேறு வேறு ஆள் அல்ல. கையேந்தி நின்றால் கொடைதான் கிடைக்கும். சங்கமாய்த் திரண்டு கேட்டால் கடன் வசூலாகும்!