மேலங்கியோடு புத்தகங்களும்

தியானப் பகுதி: 2 தீமோத்தேயு 4:9-13





இந்த வாரத் தியானப் பகுதி, மரணத்தை எதிர்நோக்கியிருந்த ஒரு முதியவர் எழுதிய கடிதத்தின் கடைசிப் பகுதி. பவுல் ரோமாபுரியில் சிறைப்பட்டிருக்கிறார். தம்முடைய ஓட்டம் முடிவுக்கு வந்துவிட்டதை அறிந்திருக்கிறார். உடனிருந்தவர்கள் பல திசைகளில் பிரிந்துபோனார்கள். லூக்கா மாத்திரம் அருகில் இருக்கிறார். மாரிகாலம் நெருங்குகிறது. அந்நிலையில் அவர் தீமோத்தேயுவிடம் சிலவற்றைக் கொண்டுவரும்படி கேட்கிறார். துரோவா பட்டணத்தில் கார்ப்பு என்பவரிடம் விட்டுவந்த மேலங்கி ஒன்று. அதனுடன் புத்தகங்கள், அவற்றிலும் முக்கியமாகத் தோற்சுருள்கள்.

மேலங்கியைக் கேட்டதில் வியப்பில்லை. சிறையின் குளிரில் முதிய உடலுக்கு அது வேண்டும். ஆனால் சாவுக்குக் காத்திருப்பவருக்குப் புத்தகம் எதற்கு?

இந்தக் கேள்வியை நானும் ஒருமுறை, வேறு சொற்களில், நம் சபையின் முதியவர் ஒருவரிடம் கேட்டுவிட்டேன். அதை உங்கள் முன் அறிக்கையிடவே இந்த வாரம் எழுதுகிறேன்.

அவர் இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவர். நம் மகாராஜபுரத்திலிருந்து வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில், ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக நாள்தோறும் பேருந்தில் போய்வந்தவர். 1984-இல் கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி தொடங்கப்பட்டதையும், அது வளர்ந்து 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானதையும் அந்தப் பயணங்களினூடே கண்டவர். பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகள் கழிந்தபின் ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து என்னிடம் வந்தார். “ஐயா, எத்தனையோ வருஷம் வெளியிலிருந்தே பார்த்துட்டேன். ஒரு நாள் உள்ளே போய், பிள்ளைகளோட கடைசி பெஞ்சில உட்கார்ந்து பாடம் கேட்கணும்னு ஆசையா இருக்கு. நீங்க ஒரு கடிதம் கொடுத்தா விடுவாங்களா?” என்றார்.

நான் சிரித்தேன். “இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு ஐயா இதெல்லாம்? ஓய்வா இருங்க, ஜெபம் பண்ணுங்க, பேரப்பிள்ளைகளைப் பாருங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டே போனார். மறுபடி கேட்கவில்லை.

அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தபோது நானே நல்லடக்க ஆராதனையை நடத்தினேன். சில நாள் கழித்து ஆறுதல் சொல்ல அவர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். அவர் மகன் ஒரு பழைய நாற்பது பக்க நோட்டை எடுத்துவந்து காட்டினார். “அப்பா இதில் என்னவோ எழுதிக்கொண்டே இருப்பார்” என்றார். திறந்து பார்த்தேன். அதில் எழுதப்பட்டிருந்தவை கேள்விகள். ஆடி மாதம் மலைக்கு அந்தப்புறம் கொட்டுகிற மழை, இந்தப்புறம் நமக்கு ஏன் வருவதில்லை? நம் மலையிலுள்ள சாம்பல் நிற அணில் ஏன் எல்லா மலைகளிலும் இல்லை? ஆலைக்குள் காற்றில் ஈரம் குறைந்தால் நூல் ஏன் அறுகிறது? பவுல் சென்ற கப்பல் சேதமடைந்த மெலித்தா தீவு இன்று எந்த நாடு?

கடைசிக் கேள்வியை வாசித்தபோது என் கை நடுங்கியது. மெலித்தா என்பது இன்றைய மால்ட்டா. அந்த விடையைச் சொல்லப் பல்கலைக்கழகம் தேவையில்லை. அவருடைய போதகனே சொல்லியிருக்கலாம். ஆனால் அவருக்குள் கேள்விகள் இருந்தன என்பதே எனக்குத் தெரியாது. அவருடைய இரத்த அழுத்தம் எனக்குத் தெரியும்; மாத்திரைகளின் பெயர் தெரியும்; வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவற்றையே விசாரித்தேன்.

சபையாரே, முதியோரை நாம் கனம்பண்ணுவதில்லை என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை முதியோர் ஞாயிறு அனுசரிக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம், கம்பளி கொடுக்கிறோம். நடக்க இயலாதவர்களுக்குத் திருவிருந்தை வீட்டுக்கே கொண்டுசெல்கிறோம். இவை யாவும் நல்லவை. ஒன்றையும் நிறுத்த வேண்டாம். ஆயினும் பவுலின் விண்ணப்பத்தில் பாதியை மட்டுமே நாம் நிறைவேற்றியிருக்கிறோம். மேலங்கியைக் கொண்டுபோய்க் கொடுத்தோம், புத்தகங்களை மறந்துவிட்டோம்.

2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் அது ஒன்பதுக்கும் குறைவு. நம் ஆலயத்தின் முன்வரிசைகளைப் பார்த்தாலே இது விளங்கும். பணி ஓய்வுக்குப் பின் பதினைந்து, இருபது ஆண்டுகளைக் கர்த்தர் பலருக்கும் கூட்டிக் கொடுக்கிறார். அந்த ஆண்டுகளை மாத்திரை டப்பாவும் தொலைக்காட்சித் தொடரும் மட்டுமே நிரப்ப வேண்டுமா?

வேறிடங்களில் இந்தக் கேள்விக்கு நடைமுறையில் விடை கண்டிருக்கிறார்கள். பிரான்சு தேசத்தின் துலூஸ் நகரில் 1973-இல் பியர் வெல்லாஸ் என்னும் பேராசிரியர், பணி ஓய்வு பெற்றவர்களுக்காகப் பல்கலைக்கழகத்தின் கதவுகளைத் திறந்தார். குழந்தைப் பருவம் முதல் வயது, உழைக்கும் பருவம் இரண்டாம் வயது, உழைப்புக்குப் பின் வருவது மூன்றாம் வயது என்று கொண்டு, அதற்கு மூன்றாம் வயதினரின் பல்கலைக்கழகம் என்று பெயரிட்டார்கள். 1980-களின் தொடக்கத்தில் அது இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் நகருக்கு வந்தபோது வேறொரு வடிவம் பெற்றது. அங்கே முதியவர்களே ஒருவருக்கொருவர் ஆசிரியர்களும் மாணவர்களுமாயினர். தேர்வு கிடையாது, பட்டம் கிடையாது. ஒருவர் வரலாறு சொல்வார். மற்றொருவர் செடிகொடிகளைப் பற்றிச் சொல்வார். சேர்ந்து வெளியிடங்களுக்குப் போய்வருவார்கள்.

அது அந்நிய நாட்டுக் காரியம், நம் மக்களுக்கு ஒத்துவராது என்று சிலர் எண்ணலாம். யாழ்ப்பாணத்தை அடுத்த வேலணையில் பிறந்த வரதலட்சுமி சண்முகநாதன் அம்மையார், கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் 2021-இல் அரசியல் துறையில் முதுகலைப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 87. இலங்கையின் உள்நாட்டுப் போரையும், அங்கே சமாதானம் மலர வழியுண்டா என்பதையும் ஆராய்ந்தார். தம் மக்கள் பட்ட பாட்டின் காரணத்தை அறிய வேண்டும் என்ற தாகத்துக்கு வயது தடையாகவில்லை. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு அப்பல்கலைக்கழகம் கட்டணத்தை விலக்கிவைத்திருந்தது. கதவு திறந்திருந்ததனால் அவர் உள்ளே போனார்.

“அவர் ஏற்கெனவே படித்தவர், எங்கள் வீட்டுப் பாட்டிக்குக் கையெழுத்தே போட வராது” என்பீர்களானால், நம் மலைக்கு அப்பாலுள்ள கேரளத்தைப் பாருங்கள். ஆலப்புழை மாவட்டத்தின் கார்த்தியாயினி அம்மாள் 2018-இல் தமது 96-ஆம் வயதில் எழுத்தறிவுத் தேர்வு எழுதி நூற்றுக்கு 98 மதிப்பெண் பெற்றார். சிறுவயதில் பள்ளிக்குப் போக வாய்ப்பில்லாதிருந்தவர் அவர்.

இனி, நியாயமான தடைகளையும் பேச வேண்டும்.

ஓய்வு என்பது ஓய்வூதியம் பெறுவோருக்கே உரியது என்பது முதல் தடை. இது உண்மை. தென்னந்தோப்பிலும் வயலிலும் கூலிவேலை செய்யும் நம் சகோதரர்கள் உடல் அனுமதிக்கும் நாள்வரை உழைக்கிறார்கள். நம் தாய்மார்களுக்கோ ஓய்வே இல்லை. மகளுடைய பிள்ளைகளை வளர்த்து முடிப்பதற்குள் மகனுடைய பிள்ளைகள் வந்துவிடுகிறார்கள். ஆகையால் பட்டணத்து அதிகாரிகளுக்கு ஏற்ற ஒழுங்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, இரண்டு மணி நேரம் என்று தொடங்கலாம். நடவும் அறுப்பும் நடக்கும் வாரங்களைத் தவிர்க்கலாம். அந்தக் காலைப்பொழுதில் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது மருமக்களும் மகன்களும் செய்யும் ஊழியமாக இருக்கட்டும்.

இரண்டாவது, உடலின் தடை. முழங்கால் வலி, செவித்திறன் குறைவு, அடிக்கடி கழிப்பறை செல்ல வேண்டிய அவசியம். இவற்றைச் சொல்ல வெட்கப்பட்டே பலர் எங்கும் வருவதில்லை. சாய்மானமுள்ள நாற்காலி, அருகில் கழிப்பறை, நல்ல ஒலிபெருக்கி, நிதானமான தமிழ்ப் பேச்சு ஆகிய நான்கும் இருந்தால் பாதித் தடை நீங்கிவிடும்.

மூன்றாவது தடை நம்மைப் போன்ற போதகர்களிடமிருந்து வருகிறது. முதுமை பரலோகத்துக்கு ஆயத்தப்படும் காலம், உலக அறிவு எதற்கு என்கிறோம். மோசே எகிப்தியரின் சகல கல்வியிலும் தேறினவர் என்று ஸ்தேவான் சாட்சி சொன்னதை நாம் மறந்துவிடுகிறோம். மழை பெய்யும் விதமும் அணில் வாழும் இடமும் கர்த்தருடைய கிரியைகள் அல்லவா? அவற்றை ஆராய்ந்து அறிய விரும்பிய ஒரு விசுவாசியை “ஜெபம் பண்ணுங்கள்” என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அவருடைய கேள்விகளும் ஒருவகை ஜெபமே என்று அன்று எனக்குப் புரியவில்லை.

கல்வி நம்மைத் தேடி இந்த மண்ணுக்கு வந்ததும் உண்டு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் சிறந்து விளங்கி, அங்கேயே கல்லூரி ஒன்றில் உயர்ந்த நிலையிலிருந்த ராக்லண்ட் ஐயர், அதை விட்டு வந்து, 1854 முதல் அன்றைய வட திருநெல்வேலிச் சீமையில் ஊர் ஊராகக் கூடாரமடித்து ஊழியம் செய்தார். 1858-இல் சிவகாசியில் மரித்தார். அவ்வளவு கற்றவர் நம் முன்னோரின் திண்ணைவரை வந்திருக்க, அருகிலுள்ள ஒரு வகுப்பறைவரை நம் முதியோர் போவதற்கு நாம் வழிசெய்யலாகாதா?

ஆகவே சபையின் முன் மூன்று காரியங்களை வைக்கிறேன்.

முதலாவது, கலசலிங்கம் பல்கலைக்கழகத்துக்கு நம் சபையின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதுவோம். நாம் இதுவரை கேட்டதில்லை. கேட்காமலே கதவு அடைபட்டிருக்கிறது என்று எண்ணிக்கொண்டோம். செவித்திறனும் பேச்சுத்திறனும் குறைந்த மாணவர்களுக்கெனத் தனியே பொறியியல் வகுப்புகள் நடத்தும் நிறுவனம் அது. சற்றே காது மந்தமான தாத்தாக்களுக்கும் அங்கே இடம் இருக்கும் என்று நம்புகிறேன். மண், நிலத்தடி நீர், சூரிய மின்சாரம், கைப்பேசியில் நடக்கும் பண மோசடி ஆகியவற்றைப் பற்றித் தமிழில் பேச ஆசிரியர்களைக் கேட்போம். நம் ஊரின் எல்லாச் சமயத்து முதியோரும் இதில் சேரட்டும்.

இரண்டாவது, ஆண்டுக்கு இரண்டு முறையாவது வெளியே அழைத்துச் செல்வோம். வேளாங்கண்ணிக்குப் போவதற்கு மட்டுமே வேன் பிடிக்க வேண்டும் என்பதில்லை. நமக்கு நீர் தரும் பிளவக்கல் அணைக்கு ஒரு பொறியாளரோடு போகலாம். சாம்பல் நிற அணிலுக்காக 1988-இல் ஏற்படுத்தப்பட்ட நம் மலைச் சரணாலயத்தைப் பற்றி வனத்துறையினரிடம் கேட்டு அறியலாம். எண்பத்தைந்து வயதில் மலைநாட்டைத் தனக்குத் தரும்படி காலேப் கேட்டான். நம் பெரியவர்கள் வாழ்நாளெல்லாம் வாசலிலிருந்து பார்த்த மலையை ஒருமுறை அருகே போய்ப் பார்க்கட்டும்.

மூன்றாவது, அவர்களைக் கேட்பவர்களாக மட்டும் வைத்திராமல், பேசவும் செய்வோம். கதிரின் ஓசையைக் கேட்டே நூல் அறுந்ததை அறிந்த ஆலைத் தொழிலாளியும், விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்தே தரம் சொல்லும் தாயும் இளம் மாணவர்களுக்குச் சொல்லத்தக்கவற்றை உடையவர்கள். வாலிபர் சங்கத்தார் அவர்களுடன் துணையாகச் சென்று, அவர்கள் பேசுவதை எழுதி வைக்க வேண்டுகிறேன்.

வரும் ஞாயிறு ஆராதனைக்குப் பின் ஆலயத்தின் பின்புற மேசையில் ஒரு நோட்டு வைக்கப்படும். அறுபது வயதைக் கடந்த ஒவ்வொருவரும் தாம் அறிய விரும்பும் ஒரு கேள்வியை அதில் எழுதுங்கள். எழுத இயலாதவர்கள் சொல்லுங்கள், பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த நோட்டை நானே பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோகிறேன். மறைந்த அந்தப் பெரியவரின் கேள்விகளை அதன் முதல் பக்கத்தில் ஏற்கெனவே எழுதிவிட்டேன்.

ஜெபிப்போம்: நரைத்த தலைகளுக்கு முன் எழுந்து நிற்கக் கற்பித்த ஆண்டவரே, எங்கள் முதியோரின் உடலை மட்டும் விசாரித்து, அவர்கள் உள்ளத்தைக் கேளாமல்போன எங்கள் பாவத்தை மன்னியும். உம்முடைய கிரியைகளை அறியும் வாஞ்சையைக் கடைசி நாள்வரை அவர்களுக்குத் தாரும். தீமோத்தேயுவைப்போல இரண்டையும் சுமந்து செல்ல எங்களுக்குக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில் ஜெபிக்கிறோம், பிதாவே. ஆமென்.