கருணைக்கொலையாம்... யாருக்குங்க கருணை?

எங்க காரைக்கால்ல சொல்தா வீடு இல்லாத தெரு கம்மி. பிரெஞ்சு பென்ஷன், சிவப்பு பாஸ்போர்ட், பாரிஸ்ல பேரப்பசங்க. அதனால 2025 மே 27 அன்னிக்கு பிரான்ஸ் கீழவையில, சாக உதவி கேட்கிற உரிமைக்கான மசோதா 305-க்கு 199 ஓட்டுல தேறினதும் இங்க டீக்கடையில ஒரே பேச்சு. "கழுத்துக்குக் கீழ போனவனுக்கெல்லாம் நம்மூர்லயும் கருணைக்கொலை கொடுத்துட்டா என்ன? பாவம்ங்க!"

இந்த 'பாவம்ங்க'தான் எனக்கு எரியுது.

பிரான்ஸ்ல இந்த விவாதத்தைப் பெருசாக்கினவர் வின்சென்ட் ஹம்பேர். 2000-ல, 19 வயசுல சாலை விபத்து. கை, கால், பார்வை, பேச்சு எல்லாம் போச்சு. மிச்சம் வலது கட்டைவிரலும் தெளிவான மூளையும். எதிர்ல ஒருத்தர் எழுத்துகளை வரிசையா சொல்லச் சொல்ல, வேண்டிய எழுத்து வந்ததும் விரலை அழுத்தி, 2002-ல அதிபர் சிராக்குக்கே கடிதம் எழுதி சாகும் உரிமை கேட்டார். 2003-ல அவர் இறந்தார். அதுக்குக் காரணமான அம்மா மேலயும் மருத்துவர் மேலயும் போட்ட வழக்கு 2006-ல தள்ளுபடி. கவனிங்க, கேட்டது அவரே. அதுவும் நல்ல மருத்துவமனைப் பராமரிப்பு எல்லாம் இருந்தும் கேட்டார். அந்தக் கேள்விக்கு முன்னாடி நான் வாயை மூடிக்கிறேன்.

நம்ம நாட்டுல? மும்பை நர்ஸ் அருணா ஷான்பாக். 1973-ல தாக்கப்பட்டு நினைவில்லாம கிடந்தாங்க. அவங்களுக்காக மனு போட்டது ஒரு பத்திரிகையாளர். கேஇஎம் மருத்துவமனை நர்ஸுகள் கூடாதுன்னாங்க. 2011-ல உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளிடுச்சு. அவங்க சார்பா பேசற தகுதி, அத்தனை வருஷமா பார்த்துக்கிட்ட அந்த ஊழியர்களுக்குத்தான்னு சொல்லிடுச்சு. அதே தீர்ப்புலதான் சிகிச்சையை நிறுத்தி இயற்கையா சாக விடறதுக்கு நிபந்தனையோட வழி பொறந்தது. 2018-ல உயிர்விருப்ப ஆவணமும் செல்லும்னு ஆச்சு. ஊசி போட்டுக் கொல்றது இன்னமும் குற்றம்தான்.

டீக்கடைக்காரங்க கேக்கறது இது எதுவுமே இல்ல. யூசரைக் கேக்காமலே ரிக்வயர்மென்ட் எழுதற மேனேஜர் கணக்கா, படுத்திருக்கறவனை விட்டுட்டு மத்தவங்க முடிவு பண்றது. விருதுநகர் பக்கம், படுத்த படுக்கையான பெரியவங்களுக்கு எண்ணெய்க் குளியல் போட்டு இளநீர் கொடுத்து முடிக்கிற தலைக்கூத்தலுக்கும் கருணைன்னுதான் பேர் சொல்றாங்க.

என் காலேஜ் நண்பன் ஒருத்தன் இருக்கான், பைக் விபத்துல கழுத்து எலும்பு போனவன். பார்க்க வர்றவங்க அவன் எதிர்லயே "இதுக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம்"னு அவங்கம்மாகிட்ட சொல்றாங்க. யோவ், அவனுக்குக் காது நல்லாத்தான்யா கேக்குது! ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டணும், இல்லன்னா புண்ணு. ராத்திரி கரண்ட் போனா காத்துப் படுக்கை இறங்கிடும். அம்மா தூங்கறதே இல்ல. ஒரே ஒரு தடவை "போயிடலாம்னு இருக்குடா"ன்னான். அன்னிக்கு முதுகுப் புண்ணுல சீழ். புண்ணு ஆறினதும் ஐபிஎல் ஸ்கோர் கேட்டான்.

ஆய்க்குடி ராமகிருஷ்ணனுக்கு 1975-ல கடற்படைத் தேர்வுல விழுந்து இதே நிலைமைதான். 1981-ல அமர் சேவா சங்கம் ஆரம்பிச்சார், 2020-ல பத்மஸ்ரீ. எல்லாரும் அப்படி ஆகணும்னு சொல்லல. சாதாரணமா ஸ்கோர் கேட்டுக்கிட்டு இருந்தாலே போதும்.

எல்லாம் செஞ்சு கொடுத்த பிறகும் அவன் கேட்டா, உக்காந்து பேசுவோம். அதுவரைக்கும், அவன் வீட்டுக்குப் போற அண்ணன்மாரே, ஆப்பிள் வேணாம், நாலு செங்கல் எடுத்துட்டுப் போங்க. வாசல்ல மூணு படி இருக்கு, சாய்தளம் கட்டணும்.